பேசவா, எழுதவா?

கைபேசிக்கும் கணினிக்கும் நம் சொல்லைக் கொண்டுசேர்க்க வாய் ஒரு வழி, கை ஒரு வழி. எந்தச் செயலிக்கு எது பொருந்தும்?

ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுள் விசைப்பலகையைத் திறந்தால் மைக் படம் கண்முன்னே நிற்கிறது. தொட்டுவிட்டுத் தமிழில் பேசினால் எழுத்து வருகிறது. அதே விசைப்பலகைக்குள் இன்னொரு வசதியும் உண்டு. வெற்றுக் கட்டத்தில் விரலால் 'அம்மா' என்று எழுதினால் அச்செழுத்தாக மாற்றித் தரும். ஆனால் அதை எடுக்க செட்டிங்ஸுக்குள் போய், மொழிப் பட்டியலைத் திறந்து, தமிழைத் தொட்டு, அங்கே கையெழுத்து என்ற வகையைத் தேட வேண்டும். மைக்கை வாசலில் வைத்தவர்கள் எழுதுகோலைப் பரணில் போட்டுவிட்டார்கள்.

வயதில் மூத்தது பரணில் கிடப்பதுதான். 82 மொழிகளில் கையெழுத்தை அறியும் செயலியை கூகுள் 2015 ஏப்ரலில் வெளியிட்டது. தமிழும் அதில் இருந்தது. தமிழில் பேசி எழுதும் வசதி 2017 ஆகஸ்டில்தான் வந்தது. வந்த வேகத்தில் இளையது மூத்ததை ஓரங்கட்டிவிட்டது. இன்று மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ வேளாண் துறைக்கோ செயலி செய்யும் எவரும் முதலில் கேட்பது, "வாய்ஸ் இருக்கா?" என்பதைத்தான். கையெழுத்து வேண்டுமா என்று கேட்பவர் அரிது.

எது துல்லியம், எது வேகம் என்ற கணக்கில் இந்தத் தேர்வு முடிந்துவிடுவதில்லை. எந்தக் கருவியும் தவறும். தவறும்போது அது தவறியது கண்ணில் படுமா, அதைத் திருத்துவது யார், திருத்த எவ்வளவு நேரம் பிடிக்கும்? இந்த மூன்று கேள்விகள்தான் இந்தத் துறையின் வரலாற்றையே நடத்தி வந்திருக்கின்றன.

நியூட்டன் பட்ட பாடு

1993 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் மெசேஜ்பேட் என்ற கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கீபோர்டு கிடையாது, திரைமேல் பேனாவால் எழுத வேண்டும். கூட்டெழுத்தைப் படித்தறியும் அதன் மென்பொருள், மாஸ்கோவில் தொடங்கப்பட்ட பாராகிராஃப் நிறுவனத்தின் படைப்பு. அன்றைய நிலையில் அது சாதனைதான். ஆனால் அது நாம் எழுதியதைத் தன் அகராதியில் உள்ள ஏதாவது ஒரு சொல்லாகப் பார்க்க முயலும். கிறுக்கல் புரியாவிட்டால் கிறுக்கலாக விடாது. எழுத்துப்பிழை இல்லாத, சம்பந்தமும் இல்லாத ஒரு சொல்லைக் கம்பீரமாக எழுதி வைக்கும். அமெரிக்காவின் புகழ்பெற்ற 'டூன்ஸ்பரி' செய்தித்தாள் கேலிச்சித்திரத் தொடர் இதைக் கிண்டலடித்தது. 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனும் சும்மா விடவில்லை. 1996-இல் வந்த புதிய பதிப்பில் ஆப்பிளின் சொந்தக் குழு எழுதிய மென்பொருள் எவ்வளவோ நன்றாகப் படித்தது. பெயர் கெட்டது கெட்டதுதான். 1998 பிப்ரவரியில் நியூட்டனுக்கு மூடுவிழா.

இதே காலத்தில், 1996-இல், பாம் பைலட் வந்தது. அதன் பின்னால் இருந்த ஜெஃப் ஹாக்கின்ஸ் தலைகீழாக யோசித்தார். மனிதன் எப்படி எழுதினாலும் கருவி படிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பானேன்? மனிதனே கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டுமே. 'கிராஃபிட்டி' என்ற அந்த முறையில் ஆங்கிலத்தின் பெரும்பாலான எழுத்துகளை ஒரே இழுப்பில் எழுத வேண்டும். முதல் எழுத்தான 'ஏ'-வுக்கு நடுக்கோடு கிடையாது. கூரைபோல ஒரு முக்கோண இழுப்பு, அவ்வளவுதான். மக்கள் பழகிக்கொண்டார்கள். தவறினால் ஏன் தவறியது என்று புரிந்தது. அடுத்த முறை சரியாக இழுத்தார்கள். (ஒரே இழுப்பு எழுத்துமுறைக்குக் காப்புரிமை வைத்திருந்த ஜெராக்ஸ் நிறுவனம் 1997-இல் வழக்குப் போட்டு வருடக்கணக்காக இழுத்தது தனிக்கதை.)

இரண்டில் நியூட்டன்தான் புத்திசாலிக் கருவி. பிழைத்தது பாம். பிழை எங்கிருந்து வருகிறது என்பதைப் பயனரிடம் மறைக்காததுதான் அதன் பலம்.

மூன்றாவதாக ஒரு யோசனையும் வந்தது. என் கணிப்பில் இதுவே சிறந்தது. மைக்ரோசாஃப்ட் 2002 நவம்பரில் டேப்லெட் பிசியை வெளியிட்டபோது, எழுதியதை உடனே அச்செழுத்தாக மாற்றியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டது. மையை மையாகவே சேமித்தது. அச்செழுத்து வடிவம் தேடலுக்காகப் பின்னணியில் இருந்தால் போதும். கருவி தப்பாகப் படித்திருந்தாலும் மூலம் அப்படியே இருக்கிறது. நாளைக்கு மனிதன் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். அந்தக் கனத்த, விலையுயர்ந்த கணினிகள் பெரிதாக விற்கவில்லை என்பது வேறு விஷயம். இன்று ஐபேடில் பேனாவால் குறிப்பெடுக்கும் மாணவர்கள் அனுபவிப்பது அந்த யோசனையின் பலனைத்தான்.

கிண்டியில் படித்தவரின் கனவு

பேச்சறிதலின் கதை இன்னும் நீளம். 1952-இல் பெல் ஆய்வகத்தின் 'ஆட்ரி' பூஜ்யம் முதல் ஒன்பது வரையான எண்களை மட்டும் கேட்டுப் புரிந்துகொண்டது. 1976-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'ஹார்பி' 1,011 சொற்களைப் புரிந்துகொண்டது. அங்கே இந்த ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ராஜ் ரெட்டி, அன்றைய சென்னை மாகாணத்தின் காட்டூரில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றவர். 1994-இல் கணினியியலின் உச்ச விருதான டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார்.

1997-இல் டிராகன் நிறுவனம் இடைவெளி விடாமல் இயல்பாகப் பேசினாலே எழுதும் மென்பொருளைக் கடைக்குக் கொண்டுவந்தது. கீபோர்டின் காலம் முடிந்தது என்று பலர் நம்பினார்கள். 1999-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் அந்தக் காலத்து மென்பொருள்களைச் சோதித்தார்கள். பிழைதிருத்தும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஓர் உரையைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்தவர்கள் நிமிடத்துக்கு 13.6 சொற்களைத்தான் முடித்தார்கள். கீபோர்டில் 32.5. சொந்தமாக யோசித்து எழுதும்போது பேச்சில் 7.8, கீபோர்டில் 19. வாய் வேகமாகத்தான் ஓடியது. ஒரு சொல்லைத் திருத்தப் போய், திருத்தச் சொன்ன கட்டளையே தப்பாகப் பதிவாகி, அதையும் திருத்த வேண்டி வந்தது.

2016-இல் ஸ்டான்ஃபோர்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகங்களும் சீனாவின் பைடூவும் சேர்ந்து நடத்திய ஆய்வில் நிலைமை தலைகீழ். கைபேசியில் ஆங்கிலச் செய்தியைப் பேசி அனுப்புவது, தட்டி அனுப்புவதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம், பிழையும் குறைவு. நரம்பியல் வலைப்பின்னல்கள் (நியூரல் நெட்வொர்க்) வந்து அறிதலை மாற்றியிருந்தன. ஆனால் சோதனையின் களமும் மாறியிருந்ததைக் கவனிக்க வேண்டும். ஒப்பிட்டது மேசைக் கணினியின் பத்து விரல் கீபோர்டோடு அல்ல, கைபேசியின் குட்டித் திரையோடு. சோதிக்கப்பட்டது கட்டுரை அல்ல, கையில் கொடுத்த சிறு வாக்கியம்.

யோசித்து எழுதுவதில் உள்ள சிக்கலைக் கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மன் 2000-இலேயே சுட்டிக்காட்டினார். பேசுவதும் யோசிப்பதும் மூளையின் ஒரே குறுகியகால நினைவிடத்துக்குப் போட்டி போடுகின்றன. கை வேலை செய்யும்போது அந்த நெருக்கடி குறைவு. பேசிக்கொண்டே சிக்கலான வாக்கியத்தைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை.

திருத்தியவர்கள் சென்னையில் இருந்தார்கள்

பேச்சறிதல் நிலையாக வெற்றி பெற்ற ஒரு துறை உண்டென்றால் அது அமெரிக்க மருத்துவம். டிராகனின் வாரிசான நூயன்ஸ் நிறுவனத்தை வாங்க மைக்ரோசாஃப்ட் 2021-இல் 1,970 கோடி டாலர் விலை பேசியதும் மருத்துவர்களின் குரலுக்காகத்தான். ஏன் அங்கே வென்றது? அமைதியான அறை, தினமும் அதே ஆள், பழகிய சொற்கூட்டம். இவற்றோடு யாரும் அதிகம் பேசாத நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது.

1990-களின் இறுதியில் சென்னையிலும் கோவையிலும் பட்டதாரிகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்த 'மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்' வேலை நினைவிருக்கிறதா? அமெரிக்க மருத்துவர் பகலில் பேசிப் பதிவு செய்ததை, நம் பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டைப் செய்து அனுப்பினார்கள். பேச்சறிதல் வந்ததும் அந்த வேலை ஒழிந்துவிடவில்லை, உருமாறியது. மென்பொருள் முதல் வரைவைப் போடும். இவர்கள் ஒலியைக் கேட்டுக்கொண்டே திருத்துவார்கள். மருத்துவர் திருத்த வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பேச்சறிதல் அற்புதமாகத் தெரிந்ததற்கு, மிச்சத்தைச் சரிசெய்ய ஆள் இருந்ததும் ஒரு காரணம்.

நம் உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வின் வாதங்களைச் செயற்கை நுண்ணறிவால் எழுத்தாக்கத் தொடங்கியபோதும், எழுத்தாக்கிய பிரதி வழக்கறிஞர்களின் சரிபார்ப்புக்குப் போகும் என்ற ஏற்பாட்டோடுதான் தொடங்கியது. இதுதான் விவேகம்.

திருத்த ஆள் இல்லாவிட்டால்? ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்ற பேச்சறிதல் மென்பொருளை ஆராய்ந்தவர்கள் 2024-இல் வெளியிட்ட முடிவு கவலை தருவது. சுமார் ஒரு விழுக்காடு ஒலித்துண்டுகளில், பேசியவர் சொல்லாத சொற்றொடர்களை அது தானாகப் புனைந்து சேர்த்தது. புனைந்தவற்றில் 38 விழுக்காடு தீங்கு விளைவிக்கக்கூடிய வகை. பேச்சுக் குறைபாட்டால் நடுவில் நீண்ட நேரம் நிறுத்திப் பேசுவோர் பேச்சில் இந்தப் புனைவு கூடுதல். விஸ்பரை வைத்துக் கட்டிய மருத்துவக் கருவி ஒன்று, பாதுகாப்புக் காரணம் சொல்லி மூல ஒலிப்பதிவையே அழித்துவிடுகிறது என்றும் அதே ஆண்டில் ஏபி செய்தி நிறுவனம் எழுதியது. ஒலியும் போய்விட்டால் எதை வைத்துச் சரிபார்ப்பது? கையெழுத்தில் மை தாளிலோ திரையிலோ மிஞ்சுகிறது. பேச்சில் நாமாகச் சேமித்தால்தான் மிஞ்சும்.

தமிழ் வைக்கும் சோதனை

இதுவரை சொன்னதெல்லாம் எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் செயலி செய்பவருக்கு வேறு சில தலைவலிகள் காத்திருக்கின்றன.

கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் இயங்கிய எச்பி ஆய்வகம் தமிழ்க் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. 2006-இல் அதை வைத்துச் சர்வதேசப் போட்டியே நடந்தது. 247 எழுத்துகளையும் கிரந்தத்தையும் 156 வடிவங்களுக்குள் அடக்கினார்கள். கி, கீ, கு, கூ போன்றவை தனித்தனி வடிவங்கள். கா, கெ, கை போன்றவை துண்டுகளின் சேர்க்கை. சேர்க்கைதான் வம்பு. 'கெ' எழுதும்போது நம் கை கொம்பை முதலில் போடுகிறது. யூனிகோடிலோ 'க' முதலில், கொம்பு பிறகு. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. கொம்பைக் கண்ட மென்பொருள் அடுத்து என்ன வருகிறதென்று பார்க்கக் காத்திருக்க வேண்டும். சொல்லை முழுக்க எழுதிவிட்டுக் கடைசியில் புள்ளிகளை மொத்தமாக வைப்பவர்கள் நம்மில் ஏராளம். எந்தப் புள்ளி எந்த எழுத்தின் தலைக்கு என்று கருவி தேடியாக வேண்டும். அவசரக் கையில் காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். 'ழ' எது, 'மு' எது என்று நமக்கே சில கடிதங்களில் சந்தேகம் வரும்.

இவை வடிவச் சிக்கல்கள். நல்ல மாதிரிகளும் புதிய கணக்குமுறைகளும் இவற்றைப் பெருமளவு தீர்த்துவிட்டன. 2019-இல் கூகுள் தன் கையெழுத்து மென்பொருளை நரம்பியல் வலைப்பின்னலுக்கு மாற்றியபோது பெரும்பாலான மொழிகளில் பழைய முறையைவிடப் பிழைகள் 20 முதல் 40 விழுக்காடு குறைந்தன. மிஞ்சிய பெரிய குறை, திரையின் அகலம். 'எழுதிக்கொண்டிருக்கிறார்கள்' என்பதைக் கைபேசியில் ஆள்காட்டி விரலால் எழுதிப் பாருங்கள். பாதியில் இடம் தீர்ந்துவிடும். ஸ்டைலஸும் பெரிய திரையும் இல்லாத இடத்தில் நீண்ட தமிழைக் கையால் எழுதச் சொல்வது கொடுமை.

பேச்சின் சிக்கல் வடிவத்தில் இல்லை. நாம் பேசுவதைப் போல எழுதுவதில்லை என்பதில் இருக்கிறது. "அவங்க நேத்தே வந்துட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் கருவி அதை அப்படியே பதிவதா, 'அவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள்' என்று மாற்றுவதா? வாட்ஸ்அப்புக்கு முதலாவது போதும். காவல் நிலையப் புகாருக்கு? பல பேர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: மைக்கைத் தொட்டதும் வானொலிச் செய்தி வாசிப்பாளர்போல இலக்கணத் தமிழில் பேசுகிறார்கள். இயல்பாகப் பேசினால் போதும் என்று வாக்குக் கொடுத்த கருவி, மனிதனை நடிக்க வைக்கிறது.

இன்னும் உள்ளே போனால், தமிழ் வினைச்சொல் தன் சரக்கு முழுவதையும் வால்பகுதியில் வைத்திருக்கிறது. யார் செய்தார், எப்போது, செய்தாரா இல்லையா எல்லாம் கடைசி அசைகளில். பேச்சில் நாம் விழுங்குவதும் அதையேதான். 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தால்' மூன்றும் வாயில் 'வந்தா' என்பதை ஒட்டியே நிற்கின்றன. முதலாவதில் மட்டும் மூக்கொலி லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆணா, பெண்ணா, நிபந்தனையா என்பதை எதிரே இருப்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். மென்பொருள் ஊகிக்கும். போதாதற்கு ன-ண, ர-ற, ல-ள-ழ வேறுபாட்டை ஒழுங்காக ஒலிப்பவர் எத்தனை பேர்? 'அரை'யும் 'அறை'யும், 'பனி'யும் 'பணி'யும் பலர் வாயில் ஒன்றே. ஊகம் தப்பினாலும் திரையில் வருவது பிழையற்ற தமிழ்ச்சொல்லாகவே இருக்கும். மெய்ப்புப் பார்ப்பவரின் கண்கூட வழுக்கிக்கொண்டு போய்விடும். நியூட்டன் கையெழுத்தில் செய்த அதே தவறு, இப்போது பேச்சில்.

வட்டார வழக்கு வேறு. 2020-இல் அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறிதலைச் சோதித்தபோது, வெள்ளையர் பேச்சில் 19 விழுக்காடாக இருந்த சொற்பிழை கறுப்பினத்தவர் பேச்சில் 35 விழுக்காடாக இருந்தது. நாகர்கோவில் தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் அப்படி ஒப்பிட்டு அளந்து பார்க்காமல் 'தமிழ் தயார்' என்று விளம்பரம் செய்வது நியாயமில்லை.

யாருக்கு எது

இவ்வளவும் சொல்வதால் நான் கையெழுத்துக் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். நானே முதல் வரைவைப் பேசித்தான் பதிகிறேன். திருத்துவது மட்டும் கையால்.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு. மிச்சமுள்ள ஐந்தில் ஒருவருக்கு எந்தப் பேனாவும் உதவாது. குரல்தான் ஒரே வாசல். மத்திய அரசின் மொழித் தொழில்நுட்பத் திட்டமான பாஷிணியும், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்குத் திரட்டும் பேச்சுத் தரவுகளும் அந்த வகையில் மிக முக்கியம். ஆனால் படிக்கத் தெரியாதவர் பேசியதை எழுத்தாக்கித் திரையில் காட்டிவிட்டு 'சரியா?' என்று பொத்தானைக் காட்டுவது என்ன நியாயம்? அவர் சொன்னதைக் கருவி திரும்பப் பேசிக்காட்ட வேண்டும். அந்த ஒரு படி இல்லாத குரல் செயலியை முடிந்த வேலையாக ஏற்கவே கூடாது.

அடுத்து, பேசும் இடம். வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர் ஒருவர், திண்ணையில் நின்றுகொண்டு அந்த வீட்டு அம்மாவின் சர்க்கரை அளவையும் நோயையும் கைபேசியிடம் உரக்கச் சொல்ல முடியுமா? தெருவுக்கே கேட்கும். அங்கே குரல் வசதி தொழில்நுட்ப அளவில் சரியாக இருந்தாலும் அற அளவில் சரியில்லை. 2019-இல் சிரி, அலெக்ஸா, கூகுள் அசிஸ்டன்ட் மூன்றிலும் பயனர்களின் ஒலித்துண்டுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுச் சரிபார்த்தது அம்பலமான பிறகு, குரல் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்காமல் செயலி வாங்குவதும் சரியில்லை. எண் மட்டும் நிரப்பும் கட்டங்களுக்கு, சொல்லிவிடுகிறேன், இரண்டுமே வேண்டாம். பெரிய பொத்தான்களோடு எண் பலகை போதும்.

கணக்கு, வேதியியல், வரைபடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கைதான். 'ஏ கூட்டல் பி வகுத்தல் சி' என்று வாயால் சொன்னால் வகுபடுவது பி மட்டுமா, இரண்டின் கூட்டுத்தொகையா? தாளில் ஒரு கோடு அதைத் தீர்த்துவிடும். வண்டி ஓட்டுபவர், கையில் கையுறை மாட்டிய தொழிலாளி, பார்வையற்றவர், விரல் மூட்டு வலிப்பவர் ஆகியோருக்குப் பேச்சு. திக்குவாய் உள்ளவர், தொண்டை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோருக்கு எழுத்து. ஊர்ப்பெயர், ஆள்பெயர், மருந்துப்பெயர் ஆகிய மூன்றிலும் குரலை நம்பிவிட வேண்டாம். பட்டியலில் இருந்து தொட்டுத் தேர்ந்தெடுக்க விடுங்கள். நீண்ட பேச்சை, நேர்காணலை எழுத்தாக்க வேண்டுமென்றால் குரல்தான். ஒலிப்பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அரசுத் துறைகளுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். டெண்டரில் 'துல்லியம் 95 விழுக்காடு' என்று எழுதி வாங்காதீர்கள். அந்த எண் குளிரூட்டிய அறையில், நிறுவனத்தின் சொந்த ஊழியர் பேசிக் காட்டியதாக இருக்கலாம். உங்கள் ஊழியர், உங்கள் வார்டில், உங்கள் சத்தத்தில் ஒரு படிவத்தைத் திருத்தம் உட்பட முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். மையோ ஒலியோ, மூலம் எத்தனை நாள் காக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாத நிறுவனத்துக்குக் காசோலை எழுதாதீர்கள்.